கெடு வைத்த அமைதி

ஜொகூர் பாருவில் தம்போய் பெரிய வட்டாரம். அங்சானா பேரங்காடி அங்கேதான் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள், பட்டறைகள், பள்ளிகள் எல்லாம் உண்டு. ஆனாலும் சண்டையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்றால், பேரங்காடிக்கு அனுப்புவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 1937இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று பெர்மாய் மருத்துவமனை என்ற பெயரில் நடக்கிறது. வடக்கே பேராக்கில் 1911இல் தொடங்கிய மருத்துவமனையால் தஞ்சோங் ரம்புத்தான் எப்படி வசைச்சொல் ஆனதோ, தெற்கே தம்போயும் அப்படியே ஆனது. அங்கே போய்க் குணமாகி, வேலைக்குத் திரும்பி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவர்களும் திறப்பதில்லை.

இந்த மௌனம் பதற்றத்தைக் குறைப்பதில்லை, வேறு வாசலுக்குத் திருப்பிவிடுகிறது. மனம் சரியில்லை என்று சொல்ல அஞ்சுகிறவர் கடைவீட்டு வரிசையில் இருக்கும் கிளினிக்குக்குப் போகிறார். "தூக்கம் வரல டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிக்குது, காத்து ஏறி அடைக்குது" என்கிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் தென்படுவதில்லை. நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் நோயைப் பார்க்கிற மருத்துவரே மருந்தையும் கொடுத்துவிடுவது வழக்கம். சிறிய பிளாஸ்டிக் பையில் பத்து மாத்திரை கைக்கு வருகிறது. அன்றிரவு, பல மாதங்களுக்குப் பிறகு, விடியும்வரை தூக்கம். பத்தும் தீர்ந்ததும் இன்னொரு பத்து. அதற்கடுத்த முறை கொஞ்சம் தள்ளியுள்ள வேறொரு கிளினிக், ஏனென்றால் முதல் இடத்தில் கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பார்கள். ஒரு கிளினிக்கில் கொடுத்தது அடுத்த தெருக் கிளினிக்குக்குத் தெரிய வழியில்லை. இப்படியே ஆறு வருடம் ஓடிய பிறகும் அவரைக் கேட்டால், "சும்மா ஒரு தூக்க மாத்திரைதான்" என்பார்.

அந்த மாத்திரையைப் பழிப்பது என் நோக்கமில்லை. அது நல்ல மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இவ்வகையைச் சேர்ந்த டயசெபம் இருக்கிறது. வலிப்பு நிற்காமல் போகும்போது உயிரைக் காப்பதும், குடியை விட்டவர் உடல் நடுங்கித் துடிக்கும்போது தாங்கிப்பிடிப்பதும் அதன் குடும்பத்து மருந்துகள்தாம். கொடுந்துயரத்தின் முதல் நாள்களில், சாவு வீட்டில், விபத்துக்குப் பிறகு, பதற்றம் உடம்பையே முடக்கிவிட்ட வேளையில் அது தரும் சில மணி நேர ஓய்வு பெரிய உதவி. ஒரே சங்கடம், அதற்கு ஒரு கெடு வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாமல் தொடங்கப்படுவதும், வீட்டில் இன்னொருவருக்குத் தெரியாமல் தொடர்வதுமே அதை ஆபத்தாக்குகின்றன.

மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் கற்றது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் பார்பிச்சுரேட்டுகள் கொடுக்கப்பட்டன. தூங்கவைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் அவற்றில் இடைவெளி குறைவு. எத்தனையோ பேர் அதில் மாண்டார்கள். அந்த இடத்துக்குப் பாதுகாப்பான ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லியோ ஸ்டெர்ன்பாக். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கியபோது அமெரிக்கா போன யூத வேதியியலாளர், ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் நியூ ஜெர்சி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவர் செய்து ஒதுக்கிவைத்திருந்த ஒரு சேர்மத்தை 1957இல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது எடுத்துச் சோதித்தார்கள். அதிலிருந்து 1960இல் லிப்ரியம் வந்தது, 1963இல் வேலியம் என்ற கடைப்பெயரில் டயசெபம் வந்தது. அறுபதுகளின் இறுதியிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து வேலியம்தான். தனியாக எடுத்தால் உயிரைப் பறிப்பது அரிது என்பதால் அதைத் தீங்கற்றது என்றே நம்பினார்கள். பழக்கப்பட்டவர்களால் விடமுடியவில்லை என்பது ஒப்புக்கொள்ளப்படக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1988 ஜனவரியில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு எழுதியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பழக்கம், உடற்சார்பு, நிறுத்தும்போது வரும் கேடு ஆகியவற்றைக் கட்டமிட்ட எச்சரிக்கையாக எல்லாப் பெட்டிகளின் குறிப்பிலும் சேர்க்கச் சொன்னது 2020 செப்டம்பரில்தான்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கெடு ஏன் என்பது தானே விளங்கும். காபா என்று ஒரு வேதிப்பொருள் மூளையில் சுரக்கிறது. ஓடும் நரம்பணுக்களுக்கு அதுதான் பிரேக். இந்த மாத்திரைகள் அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கின்றன. வாரக்கணக்கில் இப்படி வெளியிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை தன் சொந்தப் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது. அதனால்தான் அதே அளவு சில வாரங்களில் "கேட்காமல்" போகிறது. ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினாலோ, வண்டி பிரேக் இல்லாமல் இறக்கத்தில் பாய்ந்த கதைதான். தூக்கம் போகும், கை நடுங்கும், வியர்க்கும், வெளிச்சமும் ஓசையும் ஊசியாய்க் குத்தும், மருந்து எடுக்கத் தொடங்கிய நாளில் இருந்ததைவிடப் பெரிய பதற்றம் வரும். சிலருக்கு வலிப்பே வரும். அனுபவிக்கிறவரோ "பார்த்தியா, மாத்திரை இல்லாம என்னால முடியாது, என் நோய் அவ்வளவு பெரிசு" என்று நினைத்துக்கொள்கிறார். அவர் காண்பது நோயையா, மருந்து போனதன் விளைவையா என்று பிரித்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். அந்த மருத்துவருக்கோ விஷயமே தெரியாது, ஏனென்றால் நாம் சொல்லவில்லை.

சொல்லாததன் கேட்டை ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்க்கலாம். வேறு ஏதோ காரணத்துக்காக, இடுப்பு முறிவுக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ படுக்கையில் சேர்க்கப்பட்டவர் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்குகிறார், குழாய்களைப் பிடுங்குகிறார், யாரோ அறையில் நிற்பதாகச் சொல்கிறார். உறவினர்கள் காற்று கருப்பு அடித்துவிட்டதென்று திருநீறு கொண்டுவருகிறார்கள். அவர் பல வருடமாக இரவில் எடுத்துவந்த மாத்திரை சேர்க்கைப் படிவத்தில் இல்லை. "வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று தாதி கேட்டபோது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளதை மட்டும் சொன்னார். அவமானம் என்று விட்ட ஒரு வரி, சிகிச்சை முழுவதையும் திசைதிருப்பிவிடுகிறது.

எண்களிலும் ஏமாந்துபோகிறோம். பையின் மேல் 0.5 மில்லிகிராம் என்று இருந்தால் 5 மில்லிகிராமைவிடப் பத்தில் ஒரு பங்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரிட்டனின் நியூகாசலில் இம்மருந்துகளை விட முயல்வோருக்காக 1982 முதல் 1994 வரை ஒரு சிகிச்சையகம் நடத்திய பேராசிரியர் ஹெதர் அஷ்டன் போட்டுவைத்த கணக்கில், அரை மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயசெபத்துக்குச் சமம். சனாக்ஸ் என்று கடைப்பெயரில் அறியப்படுவது அந்த அல்பிரசோலம்தான். அடிவான் என்பது லோரசெபம். அதன் 1 மில்லிகிராமும் அதே 10 மில்லிகிராம் டயசெபத்துக்கு நிகர். உடலில் தங்கும் காலமும் வேறு வேறு. அல்பிரசோலம் சீக்கிரம் இறங்கிவிடுவதால் அடுத்த மாத்திரைக்கான ஏக்கமும் சீக்கிரம் வரும். டயசெபமும் அது உடைந்து உண்டாகும் பொருளும் நாள்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். நேற்றிரவு எடுத்தது இன்று காலையும் வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்தக் காலைதான் ஜொகூரில் ஆபத்து. விடியுமுன் நாலு மணிக்கெல்லாம் ஸ்கூடாயிலும் மாசாயிலும் கூலாயிலும் வீட்டுக் கதவுகள் திறக்கின்றன. மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் சிங்கப்பூர் செல்லும் பாலத்தை நோக்கிப் போகின்றன. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அதைக் கடக்க ஆகும் நேரமோ சில நாள்களில் இரண்டு மணி. சிங்கப்பூர்ச் சம்பளம் தரும் நிம்மதியும் அதே சம்பளத்துக்காகத் தூக்கத்தை விற்கும் வேதனையும் இந்த வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். 2020 மார்ச் 18இல் எல்லை மூடப்பட்டபோது வேலையைக் காப்பாற்ற அந்தப் பக்கம் தங்கியவர்களில் பலர், 2022 ஏப்ரல் முதல் நாள் பாலம் முழுமையாகத் திறக்கும்வரை பெற்றவரையும் பிள்ளையையும் திரையிலேயே பார்த்தார்கள். சிலர் சாவுக்குக்கூட வரமுடியவில்லை. அந்தக் காலத்தில் தொடங்கிய படபடப்பு இன்னும் விடாதவர்கள் உண்டு. இரவு பதினோரு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு நாலு மணிக்கு மோட்டாரை எடுக்கிறவர் விழித்திருப்பதாகத்தான் நினைக்கிறார். அவர் கண் திறந்திருக்கும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் அந்த நொடிதான் நீண்டிருக்கும். இரவு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் "நான் காலையில் எத்தனை மணிக்கு வண்டி எடுக்கிறேன்" என்பதைச் சொல்வது, ஒவ்வாமை உண்டா என்பதைச் சொல்வதற்குக் குறைந்ததில்லை. இவ்வகை மாத்திரைகளோடு எல்லையைக் கடக்கிறவர் மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருப்பதும், சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்னனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டறிவதும் நல்லது.

பாலத்தின் இரு பக்கமும் இந்த மருந்துக் குடும்பத்துக்கு இருண்ட ஒரு வரலாறும் உண்டு. எரிமின் ஐந்து என்று இளைஞர்கள் சொன்னது நிமெட்டாசெபம் என்ற ஜப்பானியத் தூக்க மாத்திரை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதற்பத்திலும் அது மருத்துவரின் சீட்டிலிருந்து கேளிக்கை விடுதிகளுக்கும் கடத்தல்காரர் பைகளுக்கும் இறங்கியது. தயாரித்த நிறுவனம் 2015இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. அதன் பிறகும் அதே பெயரில் தெருவில் விற்கப்படுவதற்குள் என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2008இல் மருத்துவர்களுக்குக் கறாரான வழிகாட்டு முறை விதித்தது. மொத்தம் எட்டு வாரத்துக்கு மேல் இவ்வகை மருந்து தேவைப்படும் நோயாளியைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. அதை மீறித் தாராளமாகக் கொடுத்த மருத்துவர்கள் பலர் மருத்துவ மன்றத்தின் முன் நின்றார்கள். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டமும் 1989ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்துகின்றன. கொடுத்ததற்கெல்லாம் பதிவேடு வைக்க வேண்டும். சட்டம் கடத்தல்காரனைப் பிடிக்கும். அடுப்படி அலமாரியில் இருக்கும் பையை அது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது.

அந்த அலமாரிக்கு வருவோம். நம்மிடம் ஒரு நல்ல குணம் உண்டு, பகிர்ந்து கொடுப்பது. பக்கத்து வீட்டு அக்கா தூங்காமல் அழுதால், "இந்தா, எனக்கு நல்லாக் கேட்டுச்சு, பாதி போட்டுப் பாரு" என்று மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கொடுப்பவருக்கு அன்பு, வாங்குபவருக்கு ஆறுதல். அந்த அக்காவுக்கு இரவில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை நோய் இருக்கலாம். அதற்கு மேல் இந்த மாத்திரை மூச்சை இன்னும் அடக்கும். அவர் கருவுற்றிருக்கலாம். இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து குடித்துக்கொண்டிருக்கலாம். ஓபியம் வகை மருந்தோடு இது சேர்வது உயிரைக் குடிக்கும் கூட்டு. சளிக்குக் கடையில் வாங்கும் பிரிட்டோன் மாத்திரைகூடத் தூக்கக் கலக்கத்தைக் கூட்டும். பரிந்துரை மருந்தைப் பிறருக்குக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் முடியாது. தோட்டப்புறத்தில் கள்ளுக்கடை முதலாளிகளின் ஆசியோடு நடந்ததும், பிறகு மலிவான சம்சுச் சாராயம் பல குடும்பங்களைத் தின்றதும் நம் வரலாறு. மதுவும் மூளையில் அதே காபாவைத்தான் தூண்டுகிறது. மாத்திரையும் மதுவும் தனித்தனியே பொறுத்துக்கொள்ளப்படும் அளவில் இருந்தாலும் சேரும்போது மூச்சை நிறுத்திவிடலாம். "வார நாள்ல மாத்திரை, சனிக்கிழமை ரெண்டு பியர், அவ்வளவுதான்" என்கிறவர் சனிக்கிழமை இரவு இரத்தத்தில் வெள்ளிக்கிழமை மாத்திரையும் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குடிப்பதை மருத்துவரிடம் மறைப்பவர்களே அதிகம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் பொய்தான் வரும். மருத்துவர் அவரைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும்.

முதியவர்கள் நிலை இன்னும் மோசம். ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது லயத்தை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பாட்டிகள் பலர். ஒரு காலத்தில் விடியலில் தலைவிளக்கோடு பால்மரத்துக்குப் போனவர்கள், இன்று நான்காம் மாடியில் தனியாகத் தொலைக்காட்சிக்கு முன். மகன் சிங்கப்பூரில், மருமகள் தொழிற்சாலையில். அவர்களுடைய தூக்கமின்மைக்குப் பெயர் தனிமை. அதற்கு மாத்திரை எழுதினால் தூக்கம் வரும், கூடவே இரவில் கழிவறைக்கு எழுந்து தடுமாறி விழுவதும் வரும். முதியவர் உடல் இம்மருந்தை மெதுவாகவே கழிக்கிறது. இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடக்காதவர்கள் எத்தனை பேர். மறதியும் குழப்பமும் கூடும்போது "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். மாத்திரையை மருத்துவர் மெல்லக் குறைத்தவுடன் பேரன் பெயர் நினைவுக்கு வந்த பாட்டிகளும் உண்டு. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு இம்மருந்தைக் கூடியவரை தவிர்க்க வேண்டுமென்பதே உலகெங்கும் முதியோர் மருத்துவம் சொல்வது.

மாத்திரையே வேண்டாம் என்று நாட்டு மருந்துக்கோ மந்திரித்த நீருக்கோ ஓடுகிறவர்களும் உண்டு. கோயிலுக்குப் போய் அழுதுவிட்டு வருவது மனத்துக்கு நல்லது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. இந்திய மருத்துவம் பல நூற்றாண்டாக மனக்கலக்கத்துக்குக் கொடுத்துவந்த சர்ப்பகந்தி மூலிகையிலிருந்துதான் 1952இல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்தையும் கலக்கத்தையும் தணித்த அதே மருந்து சிலரைக் கடும் மனச்சோர்வில் தள்ளியதும் பதிவானது. இணையத்தில் வாங்கும் தூக்கத் தூளில் 'மால்' என்று தொடங்கும் பதிவெண்ணும் ஒளிபட்டு மின்னும் அரசு முத்திரையும் இல்லையென்றால், அதற்குள் அறிவிக்கப்படாத எந்த மாத்திரைத் தூளும் இருக்கலாம்.

அப்படியென்றால் பதற்றத்துக்கு என்னதான் மருந்து? முதலில் அது பதற்றம்தானா என்று பார்க்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தம் குறைந்தாலும், ஒரு நாளைக்கு ஐந்து கோப்பிக் குவளையும் ஊக்கபானமும் உள்ளே போனாலும் நெஞ்சு படபடக்கும். அவையெல்லாம் இல்லையென்றால், பதற்ற நோய்க்கு முதலில் கொடுக்கப்படுவது செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற வேறொரு வகை மருந்துகள். அவை போட்ட அன்றே ஒன்றும் செய்யா. முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். முதல் நாள்களில் சிலருக்குப் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யும். அந்த இடைக்காலத்தைக் கடத்தத்தான் மருத்துவர்கள் சில வாரங்களுக்கு அமைதி மாத்திரையைச் சேர்க்கிறார்கள். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். உடனே கேட்கும் மாத்திரையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்கும் மருந்தை "ஒண்ணுமே பண்ணல" என்று இரண்டாம் வாரம் நிறுத்திவிடுகிறோம்.

மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை பதற்ற நோயில் நன்கு நிரூபிக்கப்பட்டது. திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும் என்பதை உடம்பால் ஒருமுறை அறிந்தவருக்கு அடுத்த முறை அச்சம் பாதியாகக் குறைகிறது. பைக்குள் மாத்திரை வைத்துக்கொண்டே அதைக் கற்க முடியாது. ஒவ்வொரு முறையும் பீதி இறங்கியதற்கு மாத்திரைக்குத்தான் நன்றி போய்ச் சேரும்.

இதற்கெல்லாம் வசதி வேண்டாமா என்று கேட்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து பெர்மாய்க்கோ வட்டார மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழையக் கூசுகிறவர்களுக்காகவே மெந்தாரி எனும் சமூக மனநல நிலையங்கள் ஊருக்குள் நடக்கின்றன. 2022 அக்டோபரில் சுகாதார அமைச்சு 15555 என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்துவந்த குற்றவியல் சட்டப் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. 2019இல் அது 2.3 விழுக்காடு. மனச்சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவன. பத்து லட்சம் பேர் என்றால் நம் தெருவிலும் இருக்கிறார்கள். தம்போய்க்குப் போவதை வசையாக வைத்திருக்கும் ஒரு சமூகத்தில் அவர்கள் எங்கே போவார்கள்?

ஏற்கனவே வருடக்கணக்கில் எடுத்துவருகிறவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அதுவே பெரிய ஆபத்து. தீபாவளி விடுமுறையில் கிளினிக் பூட்டியிருக்க, கையிருப்புத் தீர்ந்து மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுவதும் இப்படித்தான். விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைக்கலாம் என்றும், எந்த இரண்டு வாரத்திலும் 25 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. அஷ்டன் தம் நோயாளிகள் பலரை முதலில் நீண்டநேரம் தங்கும் டயசெபத்துக்கு மாற்றிப் பிறகு மாதக்கணக்கில் குறைத்தார். வேகத்தை நோயாளியே தீர்மானிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுச் செய்யக் கூடாது. மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து தேதிகளை எழுதிவைத்துச் செய்ய வேண்டும்.

வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கணவனோ மகளோ தம்பியோ, யாராவது ஒருவர். குறைக்கும் நாள்களில் சிடுசிடுப்பு வரும், தூக்கம் கெடும், "பழையபடி ரெண்டு மாத்திரை குடு" என்ற கெஞ்சல் வரும். காரணம் தெரிந்தவரால்தான் அதைப் பொறுத்துக்கொள்ள முடியும். காரணம் தெரியாத வீட்டில் அது குணக்கேடாகப் படும், சண்டையாகும், சண்டை பதற்றமாகும், பதற்றம் அலமாரியைத் திறக்கும். குறைத்துக்கொண்டே வரும்போது முதல் பாதி எளிதாகவும் கடைசிக் கால் மாத்திரை மிகக் கடினமாகவும் இருப்பது பலரின் அனுபவம். அந்தக் கால் மாத்திரையில் மாதக்கணக்கில் நின்றுவிட்டாலும் தோல்வி என்று பேச வேண்டியதில்லை. முழு அளவிலிருந்து இறங்கித்தான் அவர் அங்கே வந்து நிற்கிறார்.

விட்ட பிறகு மீந்திருப்பதை "எதுக்கும் இருக்கட்டும்" என்று அலமாரியில் வைக்கக் கூடாது. பேரப்பிள்ளை எடுத்து வாயில் போடும், மனம் நொந்த இரவில் பெரியவர் கையும் அங்கே போகும். வேண்டாத மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகளின், கிளினிக்குகளின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்த முறை சர்க்கரை மருந்து வாங்கப் போகும்போது அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.